ஏவலும் தேடலும்: கிரேக்கத் தொன்மங்களில் அருவினைச் சொல்லும் அரசச் சொற்களும்

0. முன்னுரை

கிரேக்கத் தொன்மக் கதைகள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்துள்ளன. அவ்வாறு வரும்போது கதை நிகழ்ச்சிகள் ஏறத்தாழ அப்படியே வந்துசேர்கின்றன. சொற்களோ இடைநின்ற மொழியின் சாயலை ஏற்றுக்கொண்டு வருகின்றன. பொன்மறித்தோலை நாடி ஆர்கோ என்னும் கப்பலில் சென்ற யாசோனின் (ஆங்கில வழியில் ஜேசன்) கதை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இக்கதையை ஆங்கில நூல்கள் ‘குவெஸ்ட்’ என்னும் சொல்லால் சுட்டுகின்றன. அதனைத் தமிழில் ‘தேடல்’ என்றோ ‘தேடற்பயணம்’ என்றோ பெயர்ப்பது இயல்பாக நிகழ்கிறது.

கிரேக்க மூலங்களில் இச்செயலைச் சுட்டும் முதன்மைச் சொல்லுக்குத் தேடுதல் என்னும் பொருள் இல்லை. அது பிறர் ஒருவர் விதித்த கடுஞ்செயலைக் குறிக்கும் சொல்லாகும். விதிப்பவன் அரசன், விதிப்பதற்குக் காரணம் அரியணை பற்றிய அச்சம். எனவே வீரச்செயல் வேறு, அரண்மனைச் சூழ்ச்சி வேறு என இக்கதைகளைப் பிரிக்க இயலாது. வீரச்செயலே சூழ்ச்சியின் கருவியாக அமைகிறது. இவ்வுறவு மூல மொழியின் சொல்லாட்சியிலேயே பொதிந்துள்ளது என்பதையும், அச்சொற்கள் காலந்தோறும் பொருள் மாறியதால் மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் சிக்கல்களையும் யாசோன் கதையை மையமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கதையும் அதன் சான்றுகளும்

தெஸ்ஸாலி நாட்டில், இன்றைய வோலோஸ் நகரை ஒட்டிய இயோல்கோஸ் என்னும் ஊரில் ஆட்சியுரிமை ஐசோனுக்கு உரியது. அதனைப் பெலியாஸ் கவர்ந்துகொள்கிறான். ஒற்றைச் செருப்பணிந்து வருபவனிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு இறைவாக்கு அவனுக்கு அறிவிக்கிறது. ஐசோனின் மகன் யாசோன் ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறான். பெலியாஸ் அவனைக் கொல்லவில்லை; கருங்கடலின் கீழைக் கரையில், இன்றைய ஜார்ஜியாவில் உள்ள கொல்கிஸ் நாட்டிற்குச் சென்று பொன்மறித்தோலைக் கொண்டுவருமாறு அனுப்புகிறான்.

இக்கதை ஒடிசி காப்பியம் உருவான காலத்திலேயே பரவலாக அறியப்பட்டிருந்தது. ஆர்கோ கப்பலை எல்லோரும் அறிந்த ஒன்றாகவே அக்காப்பியத்தின் 12ஆம் பாடல் குறிப்பிடுகிறது. ஹெசியோதின் தெய்வமரபு நூல் இறுதிப் பகுதியில் இதனைச் சுருங்கக் கூறுகிறது. நமக்குக் கிடைப்பனவற்றுள் விரிவான முதல் வடிவம் பிந்தார் கி.மு. 462இல் பெற்ற வெற்றி ஒன்றிற்காகப் பாடிய நான்காம் பீத்தியப் பாடலாகும். யூரிபிடீஸின் மெதேயா நாடகம் கி.மு. 431இல் ஏதென்ஸில் அரங்கேறியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அப்பொல்லோனியோஸ் நான்கு காண்டங்களில் முழுக் காப்பியம் இயற்றினார். ஒரே கதை வெவ்வேறு அரசியல் சூழல்களில் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டுள்ளமையால் சொற்பொருள் மாற்றத்தைத் தொடர்ந்து காண இது வாய்ப்பளிக்கிறது.

2. ‘அயெத்லோஸ்’: விதிக்கப்பட்ட வினை

2.1. காப்பிய மொழியில் ‘அயெத்லோஸ்’ எனவும் அத்திக் கிளைமொழியில் சுருங்கி ‘ஆத்லோஸ்’ எனவும் வழங்கும் சொல் ஆண்பாலில் போட்டி, கடுமுயற்சி என்னும் பொருள்களைத் தரும். இதன் அஃறிணை வடிவமாகிய ‘ஆத்லோன்’ போட்டியில் பெறும் பரிசைக் குறிக்கும். இன்று உலக மொழிகள் பலவற்றில் விளையாட்டு வீரரைக் குறிக்கும் ‘அத்லெட்’ என்னும் சொல் இவ்வடியிலிருந்து பிறந்ததே. போட்டி, கடுமுயற்சி, பரிசு ஆகிய மூன்றும் ஒரே சொற்குடும்பத்தில் அடங்குவது கருதத்தக்கது.

2.2. இச்சொல் எவ்வினையோடு சேர்ந்து வருகிறது என்பது இன்னும் முக்கியமானது. ஒடிசியின் 11ஆம் பாடலில் ஹெராக்ளிஸின் நிழலுரு, தன்னைவிட மிகத் தாழ்ந்த ஒருவனுக்குத் தான் கட்டுப்பட்டிருந்ததாகவும் அவன் தனக்குக் கடிய அயெத்லோஸ்களை விதித்ததாகவும் வருந்திக் கூறுகிறது. அங்கு வரும் வினை ‘எபிதெல்லோ’. கட்டளையிடுதல், ஒருவர் மேல் சுமத்துதல் என்பது அதன் பொருள். ஹெசியோத் யாசோனைப் பற்றிக் கூறும் இடத்திலும் பெலியாஸ் அயெத்லோஸ்களை விதித்தான் என்று அதே வினையே ஆளப்படுகிறது. துயர்மிகு அயெத்லோஸ்களை முடித்தவன் என்னும் வாய்பாட்டுத் தொடரும் அந்நூலில் ஹெராக்ளிஸுக்கும் யாசோனுக்கும் பொதுவாக வருகிறது. வாய்மொழிக் காப்பிய மரபில் வாய்பாட்டுத் தொடர்கள் கதைவகையைக் குறிக்கும் அடையாளங்களாகவும் செயற்படுகின்றன. ஆகவே இவ்விருவர் கதைகளும் ஒருவகைப்பட்டன என்பதை மரபே உணர்ந்திருந்தது எனலாம்.

2.3. அப்பொல்லோனியோஸின் காப்பியமும் தொடக்க அடிகளிலேயே அரசன் பெலியாஸின் கட்டளையைக் குறிப்பிட்டுவிடுகிறது. கடலிலோ அயலார் நடுவிலோ யாசோன் வீடு திரும்புதலை இழக்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு கடற்பயணமாகிய அயெத்லோஸை அவன் ஏற்பாடு செய்தான் என்று அங்கு வெளிப்படையாகவே கூறப்படுகிறது. தேடுதல் என்னும் பொருள் அப்பகுதியில் ‘மெதா’ என்னும் முன்னிடைச் சொல்லால் மட்டும் உணர்த்தப்படுகிறது. ‘தோலை நாடி’ என்பது போன்ற ஆட்சி அது. கட்டளை பெயர்ச்சொல்லாக முன்னிற்க, நாடுதல் இடைச்சொல்லில் ஒடுங்கிவிடுகிறது.

2.4. இச்சொல்லின் வரலாற்றில் முரண்சுவை ஒன்றும் உண்டு. பெலியாஸ் இறந்தபின் அவனுக்காக நடத்தப்பெற்ற ஈமப் போட்டிகள் பழங்கிரேக்கக் கலையிலும் பாட்டிலும் புகழ்பெற்றவை. அவற்றைப் பாடிய ஸ்தெசிகோரஸின் பாடல் ‘பெலியாஸுக்கான ஆத்லா’ எனப் பெயர் பெற்றது. அயெத்லோஸை விதித்து ஒருவனை அழிக்க முயன்றவன், அதே சொற்குடும்பத்தின் மற்றொரு பொருளால் நினைவுகூரப்படுகிறான்.

3. கொல்லாமல் அனுப்புதல்

அரசன் ஏன் நேரடியாகக் கொல்வதில்லை என்னும் வினாவிற்கு இக்கதைகளே விடை கூறுகின்றன. இலியத்தின் 6ஆம் பாடலில் வரும் பெல்லெரொபோன் கதையில், மனைவியின் பொய்க் குற்றச்சாட்டை நம்பிய அரசன் புரோய்தோஸ் சினங்கொள்கிறான். ஆயினும் கொலைசெய்ய உள்ளம் கூசுகிறான். எனவே மடிப்புப் பலகை ஒன்றில் கொடிய குறிகளைப் பொறித்து, அதனை அவனிடமே கொடுத்து, லிசியா நாட்டிலுள்ள தன் மாமனிடம் அனுப்புகிறான். லிசிய அரசனோ ஒன்பது நாள் விருந்தளித்த பின்னரே அக்குறிகளைக் கேட்டு வாங்குகிறான். விருந்தளித்தவன் விருந்தினனைக் கொல்லலாகாது. ஆகவே அவனும் கிமேரா என்னும் கொடுவிலங்கைக் கொல்லுமாறு கட்டளையிடுகிறான். பின்னர்ச் சோலிமியரோடும் அமேசான் மகளிரோடும் அவன் போரிடுகிறான். எல்லாவற்றிலும் வென்றவனுக்கு இறுதியில் மகளையும் அரசச் சிறப்பில் பாதியையும் அவ்வரசன் வழங்குகிறான்.

ஹோமர் காப்பியங்களில் எழுத்தைக் குறிப்பதாகக் கருதப்படும் ஒரே இடம் இதுவாகும். அவ்வெழுத்தும் சூழ்ச்சிக் கருவியாகவே தோன்றுகிறது. துருக்கியின் காஷ் நகரை ஒட்டி, பண்டைய லிசியாவின் கடற்கரையில் 1982இல் கண்டறியப்பட்ட உலுபுருன் கப்பற் சிதைவில் மரத்தாலான மடிப்புப் பலகை ஒன்று கிடைத்தது. அக்கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. கதை உண்மை என்பதற்கு இது சான்றாகாது. அத்தகைய எழுதுபொருள் அப்பகுதிக் கடல்வழிகளில் அக்காலத்திலேயே வழங்கியது என்பதற்குச் சான்றாகும்.

ஹெராக்ளிஸ் கதையில் சூழ்ச்சி பிறப்பிற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இலியத்தின் 19ஆம் பாடலின்படி, அன்று பிறக்கும் தன் வழித்தோன்றல் ஆள்வான் எனச் சீயுஸ் சூளுரைக்க, ஹேரா ஏழுமாதக் கருவாகிய யூரிஸ்தியுஸை முன்னதாகப் பிறக்கச் செய்து ஹெராக்ளிஸின் பிறப்பைத் தாமதப்படுத்துகிறாள். பிறப்பின் சில நாழிகை வேறுபாடு ஒருவனை ஏவுவோனாகவும் மற்றவனை ஏவப்படுவோனாகவும் ஆக்கிவிடுகிறது. உறவு, விருந்து, சூள் ஆகிய அறங்கள் கொலையைத் தடுக்கும் இடத்தில் அயெத்லோஸ் தோன்றுகிறது; அறத்தை மீறாதது போன்ற தோற்றத்தோடு பகைவனை அகற்றும் வழி அது.

4. பிந்தாரின் பாடல்: சூழ்ச்சியின் மொழி

4.1. நான்காம் பீத்தியப் பாடல் 299 அடிகள் கொண்டது. பிந்தாரின் வெற்றிப் பாடல்களுள் மிக நீண்டது. இன்றைய லிபியாவில் இருந்த சைரீன் நகரின் அரசன் நான்காம் அர்கெசிலாஸ், தெல்பியில் தேர்ப் போட்டியில் பெற்ற வெற்றியை அது பாடுகிறது. அவனுடைய குலம் ஆர்கோ கப்பலில் சென்ற யூபெமோஸின் வழிவந்தது என உரிமை கொண்டாடியது. ஆகவே யாசோன் கதை அங்கு அலங்காரமாக அன்றி ஆட்சியுரிமைச் சான்றாகவே இடம்பெறுகிறது.

4.2. பாடலின் நடுவே யாசோனும் பெலியாஸும் உரையாடும் பகுதி அரச உரையாடலின் நுட்பத்தைக் காட்டுகிறது. இருவரும் உறவினர் என்பதை நினைவூட்டி, உறவினர் வாளெடுத்துப் பங்கு பிரித்தல் தகாது என்கிறான் யாசோன். மந்தைகளையும் வயல்களையும் பெலியாஸே வைத்துக்கொள்ளலாம். செங்கோலையும் அரியணையையும் மட்டும் பூசலின்றித் தரவேண்டும் என்கிறான். செல்வத்தையும் ஆட்சியுரிமையையும் இவ்வாறு பிரித்துப் பேசுவது இன்றைய உடன்படிக்கை மொழியை ஒத்திருக்கிறது.

பெலியாஸின் மறுமொழி அமைதியானது. தான் முதியவன்; யாசோன் இளமை பூத்தவன். அயல்நாட்டில் இறந்த உறவினனாகிய பிரிக்சோஸ், தன் உயிரைத் தாயகம் கொண்டுவருமாறும் மறித்தோலை மீட்குமாறும் கனவில் கேட்டதாகவும், இறைவாக்கும் அதனை உறுதிசெய்ததாகவும் அவன் கூறுகிறான். இந்த அயெத்லோஸை நீ விரும்பி முடித்தால் ஆட்சியை உனக்கு விட்டுத்தருவேன் என்று இருவர்க்கும் குலமுதல்வனாகிய சீயுஸின் பெயரால் சூளுரைக்கிறான். ஹெசியோதிடம் கட்டளையாக இருந்தது இங்கு வேண்டுகோளாக உருமாறுகிறது. ‘விரும்பி’ என்னும் அடைமொழி ஏவலை மறைக்கும் திரையாகிறது. அயெத்லோஸ் என்னும் சொல்லோ திரைக்குள்ளிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இவ்விடத்தில் அச்சொல்லைத் ‘தேடல்’ எனப் பெயர்த்தால் திரை மட்டும் எஞ்சும்; மறைக்கப்பட்டது காணாமற்போகும்.

4.3. பாடலின் இறுதி வேறொரு செய்தியைத் தருகிறது. சைரீனிலிருந்து நாடுகடத்தப்பட்ட தமோபிலோஸ் என்பவனைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு புலவர் அரசனிடம் பரிந்துரைக்கிறார். நகரை நிலைகுலையச் செய்தல் எளியோர்க்கும் கைகூடும் என்றும், மீண்டும் நிலைநிறுத்துதலே அரிது என்றும் அவர் அறிவுறுத்துகிறார். திரும்பிவர இயலாதபடி ஒருவனை அனுப்பிய அரசனின் கதையை, ஒருவனைத் திரும்பவிட வேண்டிய அரசனின் அவையில் பாடுவது தற்செயலாக இருக்க முடியாது. கி.மு. 440ஐ ஒட்டி அந்த அரசகுலமே சைரீனில் வீழ்ந்தது.

5. அரசச் சொற்கள்

5.1. அயெத்லோஸை விதிப்பவன் எச்சொல்லால் சுட்டப்படுகிறான் என்பதும் காலந்தோறும் வேறுபடுகிறது. 1952இல் மைக்கேல் வென்றிஸ் வரிவடிவம் ‘பி’யைப் படித்தறிந்த பின்னர் இச்சொற்களின் பழைய நிலை தெளிவாயிற்று. மைசீனியக் களிமண் பலகைகளில் தலைமை அரசனைக் குறிக்கும் சொல் ‘வனக்ஸ்’. பிற்காலத்தில் அரசன் எனப் பொருள்பட்ட ‘பசிலேயுஸ்’ என்பதன் பழவடிவம், அப்பலகைகளில் வெண்கலத் தொழிலாளர் குழுவோடு தொடர்புடைய உள்ளூர்த் தலைவனையே குறிக்கிறது. அரண்மனை ஆட்சி அழிந்தபின் மேலிருந்த சொல் மங்க, கீழிருந்த சொல் மேலெழுந்தது.

ஹோமர் மொழியில் ‘அனக்ஸ்’, ‘பசிலேயுஸ்’ இரண்டும் உள்ளன. ஆயினும் பசிலேயுஸ் ஒருவன் மட்டும் அல்லன். ஒடிசியில் பயேக்கியர் நாட்டில் பன்னிரு பசிலேயுஸ்கள் இருக்க அல்கினோஸ் பதின்மூன்றாமவன். இலியத்தில் இப்பெயரிலிருந்து ஒப்புநிலை வடிவமும் உயர்நிலை வடிவமும் அமைகின்றன. அதாவது ஒருவன் மற்றொருவனைவிட ‘மிகுதியாகப் பசிலேயுஸ்’ ஆகலாம். பதவிப்பெயர் ஒன்று அளவுநிலை ஏற்பது, ஆட்சியுரிமை போட்டிக்கு உட்பட்டது என்னும் சமூக நிலையை இலக்கணத்திலேயே காட்டுகிறது. அத்தகைய சூழலில்தான் ஐசோனிடமிருந்து பெலியாஸ் ஆட்சியைக் கவர்வது நிகழக்கூடியதாகிறது.

5.2. ‘துரான்னோஸ்’ என்பது கிரேக்கம் கடன்பெற்ற சொல். நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் இச்சொற்குடும்பம் கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஆர்கிலோகஸின் பாடற்பகுதியில், லிதிய அரசன் கைகேஸைப் பற்றிப் பேசும் இடத்தில் முதலில் தோன்றுகிறது. தொடக்கத்தில் அது இழிசொல் அன்று. பிந்தார் தம் புரவலனாகிய ஹியரோனையே இச்சொல்லால் சுட்டுகிறார். அரிஸ்டாட்டில் காலத்திலோ தன்னலத்திற்காக ஆளும் முறைதவறிய ஆட்சியாளனையே இது குறித்தது. இடைப்பட்ட நிலையை மெதேயா நாடகம் காட்டுகிறது. கொரிந்து அரசன் கிரேயோன், மெதேயாவை நாடுகடத்த வருகிறான். அவள் ஒரு நாள் தவணை கேட்கிறாள். தன் உள்ளம் துரான்னோஸ்க்குரிய இயல்பினது அன்று என்று சொல்லி அவன் இணங்குகிறான். அந்த ஒரு நாளில் அவனும் அவன் மகளும் அழிகின்றனர். அதே நாடகத்தில் அரச குடும்பத்தைச் சுட்டவும் இச்சொல்லே இயல்பாக வழங்குகிறது. ஆகவே கிரேயோன் பதவியால் துரான்னோஸ். இயல்பால் அல்லன் என்று சொல்லிக்கொள்பவன். கொடுங்கோலாட்சி கி.மு. 510இல் நீங்கியதை நினைவில் வைத்திருந்த ஏதென்ஸ் அவையோர்க்கு இவ்விருபொருள் விளங்கியிருக்கும். சோபோக்ளீஸின் ‘ஒயிதிபுஸ் துரான்னோஸ்’ இலத்தீனில் ‘ரெக்ஸ்’ ஆனபோது இச்சிக்கல் தீரவில்லை, மறைந்தது.

5.3. அலெக்சாந்திரியாவில் நிலைமை மீண்டும் மாறியது. தாலமியர் பசிலேயுஸ் என்பதையே தம் ஆட்சிப் பட்டமாகக் கொண்டனர். அவர்தம் நூலகத்தின் தலைவராயிருந்த அப்பொல்லோனியோஸ், பெலியாஸைப் பசிலேயுஸ் என அழைத்துத் தொடங்கி, சூழ்ச்சியைச் சில அடிகளில் முடித்துவிடுகிறார். அரண்மனைச் சூழ்ச்சியின் விரிவைக் கொல்கிஸ் அரசன் அயேதேஸிடம் அவர் மாற்றிவைக்கிறார். அயேதேஸும் தீ உமிழும் காளைகளைப் பூட்டி உழுமாறும் நாகப் பற்களை விதைக்குமாறும் அயெத்லோஸ் விதிக்கிறான். தன் வழித்தோன்றல்களின் சூழ்ச்சி குறித்து இறைவாக்கால் எச்சரிக்கப்பட்ட அவன் பிரிக்சோஸின் மக்களை ஐயுறுகிறான். தன் மகள் மெதேயாவை ஐயுறவில்லை. ஓர் அரசனின் அச்சம் யாசோனைக் கொல்கிஸுக்கு அனுப்புகிறது. மற்றோர் அரசனின் அச்சம் தவறான இடத்தை நோக்கியதால் அவன் மீள்கிறான்.

6. தமிழாக்கத்தில் எழும் தெரிவுகள்

6.1. ‘குவெஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் பழம் பிரெஞ்சு வழியாக, தேடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைக் கதைகளில் புனிதக் கிண்ணத்தைத் தேடிச் சென்ற வீரர்கள் தாமே நோன்பேற்றுப் புறப்பட்டவர்கள். ஏவுவோன் இல்லாத அச்சொல்லைக் கிரேக்கக் கதைக்கு இடும்போது தானே விரும்பிச் செல்லும் வீரன் என்னும் அயல்மரபின் உருவம் உடன்வருகிறது. தமிழில் ‘தேடல்’ என்பதற்கு அண்மைக் காலத்தில் ஏற்பட்டுள்ள அகமுகப் பொருளும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

6.2. மாற்றாகக் கருதத்தக்க சொற்கள் சில. ‘சாகசம்’ என்பது துணிகரச் செயலின் வியப்பை மட்டும் தருகிறது. விதிப்பு அதில் இல்லை. சங்க மரபின் ‘வேந்துவினை’ என்பது வினையையும் ஏவும் வேந்தனையும் ஒரே தொடரில் கொண்டிருப்பதால் ஈர்ப்புடையது. ஆயினும் அது வேந்தனுக்கு உற்றுழி உதவும் பற்றுறுதியைக் குறிக்கும். யாசோனுக்குப் பெலியாஸிடம் அத்தகைய பற்று இல்லை. எனவே அச்சொல் பொருளைத் தலைகீழாக்கிவிடும். அயேதேஸின் காளைகளைக் கண்டு ‘ஏறுதழுவல்’ என்பதும் அவ்வாறே. அங்கு விதிக்கப்பட்டது மணத்திற்கான போட்டி அன்று. ‘அருவினை’ என்னும் பழஞ்சொல் செயலின் அருமையை உணர்த்தும். அதனோடு ‘விதித்த’ அல்லது ‘ஏவிய’ என்னும் பெயரெச்சத்தைச் சேர்த்தால் எபிதெல்லோ என்னும் வினையின் பங்கும் காக்கப்படும். ஈமப் போட்டியைக் குறிக்கும் இடங்களில் ‘போட்டி’ என்பதே தெளிவு. ஒரே சொல்லால் எல்லா இடங்களையும் நிரப்புவதைவிட, ஏவும் வினையை எங்கும் விடாமல் பெயர்ப்பதே முதன்மையானது.

6.3. அரசச் சொற்களில் தமிழின் வளம் உதவும். ‘வேந்தன்’ என்பது மூவேந்தர் என்னும் வழக்கால் தலைமையாட்சியைச் சுட்டுவது. மைசீனிய வனக்ஸுக்கு அது ஏற்கும். பலராக இருக்கக்கூடிய ஹோமரின் பசிலேயுஸுக்கு ‘மன்னன்’ அல்லது ‘தலைவன்’ பொருந்தும். துரான்னோஸை எடுத்தவுடன் ‘கொடுங்கோலன்’ என்பது யூரிபிடீஸின் கிரேயோனைப் பேசவிடாமல் செய்யும். ‘அரசன்’ என்பது அவன் மறுப்பையே பொருளற்றதாக்கும். ‘தனியாட்சியாளன்’ போன்ற நடுநிலைச் சொல்லே இருபக்கமும் சாயும் இடத்தை அளிக்கிறது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, யாசோன், ஹெராக்ளிஸ் கதைகளில் வீரச்செயலின் பெயரும் கட்டளை வினையும் இணைந்தே வருகின்றன. பெல்லெரொபோன் கதையும் அதே அமைப்பினது. இரண்டாவது, ஏவுவோனைக் குறிக்கும் சொற்கள் மைசீனியக் காலம் முதல் அலெக்சாந்திரியாக் காலம் வரை இடம் மாறியுள்ளன. எனவே நூலின் காலத்தை நோக்காது ‘அரசன்’ என ஒருபடித்தாகப் பெயர்த்தல் வரலாற்றை அழிப்பதாகும். மூன்றாவது, இடைமொழி வழியாகப் பெயர்ப்போர் நிகழ்ச்சிகளை மட்டுமன்றிச் சொற்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

யாசோன் மறித்தோலைக் கொண்டுவந்தான். ஆனால் இயோல்கோஸின் அரியணையில் நிலைபெறவில்லை. பெலியாஸ் தன் மகளிர் கையாலேயே இறந்தபின் அவன் கொரிந்தில் ஏதிலியாக வாழ்ந்ததை யூரிபிடீஸ் காட்டுகிறார். தேடியது கிடைத்ததா என்பதே வினாவானால் இக்கதை வெற்றிக்கதை. ஏவியவனின் சொல் காக்கப்பட்டதா என்பதே வினாவானால் அது வேறொரு கதை. இவ்விரண்டில் எதனைத் தமிழ் வாசகர் கேட்கப்போகிறார் என்பதை மொழிபெயர்ப்பாளர் தேரும் ஒரு சொல்லே தீர்மானிக்கிறது.